கொக்கு அமைத்த கல்கரை

வீடு கட்டிய மேஸ்திரி வாசல் வைக்க மறந்துவிட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? ஒரு குளத்து ஆமைக்கு அந்தக் கதிதான் வந்தது.

காட்டோரக் குளத்தைச் சுற்றி விலங்குகள் ஒரு நகரம் அமைத்தன. நகரத் தலைவி கொக்கு. சேற்றில் மீன் பிடித்து வளர்ந்தவள்தான். ஆனால் பதவி வந்ததும் சேறு பிடிக்காமல் போய்விட்டது!

"கரை முழுக்க வழவழவென்று கல்லைப் பதிங்க! அந்தக் கோரைப்புல்லையும் பிடுங்கி எறிங்க!" என்றாள்.

மேஸ்திரி நீர்நாய் வேலையைத் தொடங்கினான். குளத்து ஆமை பதறிக்கொண்டு கொக்கிடம் வந்தாள். அவள் வயிற்றில் முட்டைகள் இருந்தன. மேட்டு மண்ணைத் தோண்டித்தான் இட வேண்டும். தண்ணீரில் இட்டால் அழுகிப்போகும்.

"அக்கா, ஒரு மூலையிலாவது மண்சரிவை விட்டுவைங்க! நான் எப்படி மேலே வருவேன்?"

"நான் ஒரே தாவில் வரலையா? நீயும் பழகிக்கோ!"

"உங்களுக்கு இறக்கை இருக்கு. எனக்கு ஓடுதானே இருக்கு!"

"ஓட்டைக் கழற்றி வெச்சிட்டு ஏறிப் பாரேன்!" என்று நீர்நாய் சிரித்தான்.

கல்கரை எழும்பியது. ஆமை ஏறினாள், சறுக்கினாள். மறுபடி ஏறினாள், தொபுக்கென்று விழுந்தாள். ஆனாலும் விடவில்லை. இந்தப் பக்கம் முடியாவிட்டால் அந்தப் பக்கம் என்று தினமும் முட்டிமோதினாள்.

கோரைத் தண்டில் ஏறித்தான் தும்பிக் குஞ்சுகள் சிறகு விரிக்கும். கோரை போனதும் தும்பிகளும் போயின. தின்ன ஆளில்லாமல் கொசு பெருகியது.

ஒருநாள் காலை, கொசுக்கடி தாங்காமல் கரைமரத்துக் கூட்டில் துள்ளிய கொக்குக் குஞ்சு குளத்தில் விழுந்துவிட்டது! இறக்கை முளைக்காத குஞ்சு. கல்லில் கால் வழுக்கியது.

"அம்மா!"

கொக்கு பறந்து வந்து அலகால் இழுத்தாள். தூக்க முடியவில்லை. அதற்குள் ஆமை அடியில் புகுந்து குஞ்சை முதுகில் தாங்கிக்கொண்டாள்.

"மேலே கொண்டுவந்து விடு!" என்று கொக்கு அலறினாள்.

"வழியைத்தான் அடைச்சிட்டீங்களே! நான் தாங்கிக்கிறேன், நீங்க கல்லைப் பெயர்த்தெடுங்க!"

கொக்கு கொத்தினாள். நீர்நாய் ஓடிவந்து தோண்டினான். சேறு மேலெல்லாம் தெறித்தது. கொக்கு அதைப் பார்க்கவேயில்லை. கற்கள் சரிந்தன, மண் தெரிந்தது. ஆமை மூச்சிரைக்க ஏறிவந்து குஞ்சை இறக்கினாள். அதோடு நிற்கவில்லை. நேரே மேட்டுக்குப் போய் மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.

கொக்கு பின்னாலேயே வந்தாள். "உனக்கு என்ன வேணும், கேளம்மா!"

ஆமை தோண்டிக்கொண்டே சொன்னாள்: "கோரையைத் திரும்ப நட்டுவைங்க அக்கா. இனிமே எதைக் கட்டினாலும் நீந்துறவங்களையும் தவழுறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டுங்க. எல்லா உயிருக்கும் வழி விடுற நகரம்தான் நம்ம பிள்ளைங்களையும் காப்பாத்தும்!"