எடை மேடையில் மூன்று பேர்

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில், மரவள்ளிக் கிழங்கு லாரிகளை எடை போடும் அறைக்குப் பெரியண்ணன்தான் பொறுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்குக் கீழே சடையப்பன், பாவாயி என்று இரண்டு பேர். அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அந்த அறையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. பெரியண்ணனுக்கு உயிரே அதில்தான்.

வெளியே லாரி ஏறி நிற்கும் மேடையின் எடையைக் காட்டும் பெட்டி அறைக்குள் இருந்தது; அதைப் புது மடிக்கணினியோடு இணைக்க முதலாளி ஆசைப்பட்டார். ஆனால் பெட்டியின் வயரைச் செருகக் கணினியில் இடமே இல்லை. அதற்கென்று கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர், கணினியில் செருகினால் வயரை மாட்ட இடம் தரும் சீரியல் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. அவருக்கு மச்சினன் கல்யாணம். வழிமுறை எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கிறது, அதில் உள்ளபடி ஒரு எழுத்து மாறாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மதியம் முதல் லோடு வரும்போது கணினியில் எடை தெரியாவிட்டால், அந்த நாற்காலியில் தன் தங்கை மகனை உட்கார வைத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பெரியண்ணன் காலையில் சாப்பிடக்கூட இல்லை.

முதல் மூன்று படிகளும் கார்டை உறையிலிருந்து எடுத்துத் துடைப்பதற்கே சரியாகப் போயின. நான்காவது படி கணினியை அணைக்கச் சொன்னது. அணைத்தார்கள். ஐந்தாவது படியைப் படிக்கலாம் என்று பார்த்தால், திரை கருப்பாக இருந்தது.

மறுபடி போட்டுப் படித்தார்கள். கணினி அணைந்திருக்கும்போது கார்டைச் செருகச் சொன்னது. இப்போது எரிந்துகொண்டல்லவா இருக்கிறது? எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்று பெரியண்ணன் கார்டை உறைக்குள் போட்டு முதல் படியிலிருந்து தொடங்கினார். இப்படி ஆறு தடவை ஆயிற்று. கார்டு மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று பாவாயி கேட்டாள். மேசை நிறைய ரசீதுக் கட்டுகள் கிடந்தன. ஆனால் அவை எடை எழுதுவதற்கு உள்ளவை. வேறெதையும் எழுதப் பெரியண்ணன் விடமாட்டார். ஆளுக்கொரு படியை மனப்பாடம் செய்வது என்று முடிவாயிற்று.

ஐந்தாவது படி சடையப்பனுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். கார்டை இடது பக்கம் செருக வேண்டும். ஆனால் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அவனுக்கும் பெரியண்ணனுக்கும் இடது பக்கம் வேறு வேறாக இருந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மூன்று பேரும் அந்த ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிறகுதான் எல்லாருக்கும் இடது பக்கம் ஒன்றாயிற்று. கார்டு உள்ளே போனது.

வயரையும் மாட்டிக் கணினியைப் போட்டால், அடுத்த படி காத்திருந்தது. பெட்டி தகவல் அனுப்பும் வேகமும் கணினி அதை வாங்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். பெட்டியில் 2400, கணினியில் 9600. சடையப்பன் எழுந்துபோய்ப் பெட்டியை 9600 ஆக்கினான். அதே நேரத்தில் பாவாயி கணினியை 2400 ஆக்கினாள். அடடா என்று இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். பெரியண்ணன் வேர்த்துக் கொட்ட மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளையாகப் பாவாயிக்கு டீ குடிக்கத் தோன்றியது. அவள் வெளியே போயிருந்த ஐந்து நிமிஷத்தில் வேகம் ஒன்றாகிவிட்டது.

கடைசிப் படி, தெரிந்த எடை ஒன்றை மேடையில் வைத்துச் சோதிக்கச் சொன்னது. போன மாத மருத்துவ முகாமில் பார்த்த எடை மூவருக்கும் நினைவிருந்தது. பெரியண்ணன் எழுபத்தொன்று, சடையப்பன் ஐம்பத்தெட்டு, பாவாயி அறுபத்தொன்று. ஆக நூற்றுத்தொண்ணூறு. மூவரும் மேடையின் நடுவில் போய் அசையாமல் நின்றார்கள். பிறகு இறங்கி ஓடிவந்து திரையைப் பார்த்தார்கள். பூஜ்யம்.

"கால் மாத்தி நின்னுட்டமாண்ணா?" என்றாள் பாவாயி.

திரும்பப் போய் நன்றாக அழுத்தி நின்றுவிட்டு வந்தார்கள். பூஜ்யமே. ஒரு ஆள் உள்ளே இருந்து பார்க்கட்டுமே என்று சடையப்பன் சொன்னான்.

"இருந்தா நூத்தித்தொண்ணூறு எப்படிடா வரும்?" என்றார் பெரியண்ணன். அவர் கண் கலங்கிவிட்டது. நாற்காலியின் கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கிழங்கு லாரியும் வந்தது, பின்னாலேயே முதலாளியும் வந்தார். மிஷின்மேல் குற்றமில்லை, எங்கள் மூன்று பேருக்கும்தான் எடை இல்லாமல் போய்விட்டது என்று பெரியண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூவரையும் மேடைக்கு அனுப்பிவிட்டுத் தான் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"நூத்தித்தொண்ணூறு. சரியாத்தான இருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உன் வேலை உனக்குத்தான், பெரியண்ணா. இனிமே எல்லா லோடுக்கும் இப்ப செஞ்ச மாதிரியே செய்யி."

பெரியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லாரியை மேடைமேல் ஏறச் சொன்னார். நின்றதும், சடையப்பனையும் பாவாயியையும் கூட்டிக்கொண்டு தானும் மேடையில் ஏறி, டயர் ஓரமாக விறைப்பாக நின்றார். முதலாளி காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"எங்கீங்க போறீங்க?" என்று பெரியண்ணன் பதறிக் கூப்பிட்டார். "நாங்க ஏறிட்டோமுங்க. நீங்க போயி நாற்காலியில உக்காருங்க."