இருவாச்சி சொன்ன சின்ன மாற்றம்

மலையடிவாரத்தில் ஒரு காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடும்பம் நடத்தின. குழந்தைகளே, இந்தப் பறவைக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசிவிடும். ஒரு கீறல் மட்டும் விடும். ஆண்பறவை அதன் வழியே பழம் ஊட்டும். இது நான் கட்டிவிட்ட கதையல்ல, மெய்யாகவே அப்படித்தான்.

அந்த ஆண்டு நல்ல பொந்து கிடைக்கவில்லை. முட்டையிடும் நாளோ நெருங்கிவிட்டது. ஆண் இருவாச்சி மரங்கொத்திகளை அழைத்து, ஒரு வேங்கை மரத்தைக் குடையச் சொன்னது.

முதல் நாளே பாதிக் குழி முடிந்தது. ஆண் இருவாச்சி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"பிரமாதம். சின்ன மாற்றம்தான். இதையே ஒரு கிளை மேலே வைத்துவிடுங்கள்."

மேலே குடைந்தன. அப்புறம் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்றது, மறுநாள் தெற்கே. எல்லாமே சின்ன மாற்றம்தான். மரமெங்கும் அரைகுறைக் குழிகள். வேலையோ நாளுக்கு நாள் மந்தமாகி, பொழுது சாய்ந்தாலும் பட்டைகூட உரியவில்லை.

"அலகு மழுங்கிவிட்டதா, மேஸ்திரி?" என்று ஆண் இருவாச்சி கடுப்போடு கேட்டது.

"அலகு கூராகத்தான் இருக்கிறது, ஐயா. கழுத்துதான் வலிக்கிறது," என்றது மூத்த மரங்கொத்தி. "ஒவ்வொரு கொத்துக்கும், நீங்கள் வருகிறீர்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறதே."

ஆண் இருவாச்சி ஆழ்ந்து யோசித்தது.

"நியாயம்தான். இனிமேல் எதிர்க்கிளையிலேயே உட்கார்ந்து சொல்கிறேன்."

பெண் இருவாச்சிக்கு வயிறு கனத்தது. முதல் குழியையே முடித்துவிடும்படி மேஸ்திரியின் காதில் சொல்லிவிட்டு, கணவனிடம் வந்து, எதிர்மலை அத்திப்பழம் வேண்டும்போல் இருக்கிறது என்று முனகியது. மசக்கைக்காரி கேட்டால் மறுக்க முடியுமா? ஆண் பறந்தது.

மரங்கொத்திகள் குடைந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்திக்குள் பொந்து முடிந்தது. பெண் இருவாச்சி உள்ளே புகுந்து வாசலையும் பூசிக்கொண்டது.

அலகு நிறையப் பழத்தோடு ஆண் திரும்பியது. பொந்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. சொல்வதற்கு ஏதோ இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடும்.

கீறல் வழியே ஓர் அலகு நீண்டது.

"ஊட்டுங்கள். ஊட்டியதும் இன்னும் கொஞ்சம் கொண்டு வாருங்கள்."

குஞ்சுகள் வெளியே வரும்வரை ஆண் இருவாச்சியின் வாய்க்கு ஓய்வே கிடைக்கவில்லை.

நீதி: வேலை கெடப் பெரிய மாற்றம் வேண்டியதில்லை, சின்ன மாற்றம் வரும் என்ற பயமே போதும்.