பீரோவுக்குள் எட்டுக் கொம்பு

காண்ட்ராக்டர் வீரப்பெருமாள் வாயைத் திறந்தால் தெருவே அதிரும். "நீள வீட்டுக்குச் சின்னதா ரெண்டு வைஃபை ரவுட்டர் வையுங்க" என்ற கடைக்காரரை அதட்டிவிட்டு, எட்டுக் கொம்பு வைத்த பெரியது ஒன்றை வாங்கிவந்தார். அக்கம்பக்கத்தார் சிக்னலைத் திருடிவிடுவார்களென்று இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பின்கட்டில் சமையல்காரி இருளாயிக்குக் குவைத்திலிருந்து மகள் பூவாத்தா வீடியோவில் கூப்பிடுவாள். படம் பாதியில் உறைந்துவிடும். மகளின் முழு முகம் பார்த்து மூன்று வருஷமாகிறது.

"அடுப்படிக்குச் சிக்னல் வரலைங்கய்யா."

"எட்டுக் கொம்புடி! வரலைன்னு நிரூபி பார்ப்போம்!"

மறுநாள் இருளாயி நடுக்கதவுகளையெல்லாம் சாத்திவிட்டுச் சமைத்தாள். காண்ட்ராக்டர் காப்பி கேட்டுப் பத்துத் தடவை கத்திவிட்டு, மூச்சிரைக்க அடுப்படிக்கே வந்தார்.

"கதவைச் சாத்திட்டா என் குரல் எப்படிடி கேக்கும்?"

"பீரோவுக்குள்ளே இருக்கிற பெட்டியும் அதையேதான் கேக்குதுங்கய்யா."

அன்றே சின்னது இரண்டாக மாற்றிவந்தார். ஒன்று அடுப்படி வாசலில் ஏறியது.

பூவாத்தா முழுசாகத் தெரிந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"நல்லாச் சாப்பிடுறேன்னு சொன்னியேடி?"

"சிக்னல் சரியில்லைம்மா," என்றாள் மகள். "அதான் அப்படித் தெரியுது."