நூரிக்குக் காட்டிய வாளி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் இல்லை. தனக்குக் கேவலம் வரும் இடத்தைக்கூட ஒளிக்காமல் சொல்கிறவர். அதனாலேயே சந்தேகம் இன்னும் உறுத்தியது. அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் அருளாண்டி. சர்க்கஸில், ஓடும் குதிரையின் முதுகில் நின்றபடி தீப்பந்தம் சுழற்றியவர். சர்க்கஸ் நொடித்துப்போனபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. குதிரையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. குதிரையும் தெரியாது என்று அவருக்குச் சொன்னவர் உசேன் ராவுத்தர்.

ராவுத்தரின் லாயம் பழனிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது. உயரமான குதிரை ஒன்றே ஒன்று, நூரி என்கிற செவலைப் பெண்குதிரை. மற்ற ஏழும் மட்டக்குதிரைகள். கல்யாண ஊர்வலத்துக்கும் மலைச் சுமைக்கும் போய் வருபவை.

ஒன்றரை வருடம் அருளாண்டி அங்கே லத்தி அள்ளினார், குளம்பு சுரண்டினார், மட்டக்குதிரைகளுக்கு உண்ணி பொறுக்கினார். நூரியின் மேல் ஒருநாளும் ஏறவில்லை. ஒரு சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ராவுத்தரய்யா, என்னையும் ஒரு குதிரைக்காரன்னு எப்ப சொல்வீங்க?"

ராவுத்தர் மிளகின் குளம்பிலிருந்து ஒரு கல்லை நெம்பிக்கொண்டிருந்தார். மிளகு என்பது கறுத்த மட்டக்குதிரை. எந்த வாளியைக் கண்டாலும் உள்ளே தலையை விடும், தண்ணீர் இருந்தால் பாதியைக் குடித்துவிட்டுத்தான் வெளியே எடுக்கும்.

"நாளைக்கு நூரியைச் சண்முகநதி வரைக்கும் ஓட்டிட்டு வா. வந்து கேளு."

தவிடு சலித்துக்கொண்டிருந்த ராவுத்தரின் மனைவி மைமூன் நிமிர்ந்து பார்த்தார். "பழக்கதோஷத்துல முதுகு மேல ஏறி நின்னுராதீங்க சர்க்கஸ்காரரே. ஆத்துல துணி துவைக்கிறவங்க துணியை விட்டுட்டு ஓடிருவாங்க."

அன்று மாலை முழுக்க அருளாண்டி சேணத்துக்கு எண்ணெய் போட்டார். கடிவாளத்தின் இரும்பைச் சாம்பலால் தேய்த்தார். விடிந்ததும் லாயத்துக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொள்ளு ஊறவைக்க மறந்திருந்தார்.

முதல் நாளே ஊறவைத்து, நகத்தால் கிள்ளினால் நசுங்குகிற பதத்தில்தான் குதிரைக்குக் கொள்ளு வைக்க வேண்டும். அந்த லாயத்தின் முதல் பாடம் அது. சாக்குக்குள் கொள்ளு கல்லாகக் கிடந்தது. ராவுத்தரிடம் சொன்னால் சவாரி தள்ளிப்போகும். எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது.

காய்ந்தாலும் கொள்ளு கொள்ளுதானே என்று ஒரு படி அள்ளினார். தூரம் போகிற குதிரை என்று இன்னொரு படி. மேலே தண்ணீர் தெளித்து, ஊறியதுபோலப் பளபளக்க வைத்தார். நூரி நறநறவென்று கடித்துத் தின்றது. அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து இரண்டு தரம் இருமினார்.

அன்றைய சவாரியைச் சொல்லும்போது அருளாண்டியின் முதுகு இன்றைக்கும் தானாக நிமிர்ந்துவிடும். தென்னந்தோப்புகள் பின்னால் ஓடினவாம். அவர் நினைத்த இடத்தில் நூரி திரும்பியதாம், கடிவாளத்தைத் தொடுவதற்கு முன்பே. ஆற்றங்கரையில் யாரும் துணியை விட்டுவிட்டு ஓடவில்லை. எல்லோரும் நின்று பார்த்தார்கள். தான் குதிரைக்காரன்தான் என்று அன்று அவருக்கே தெரிந்துவிட்டது. இனி ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

உச்சிவேளைக்குத் திரும்பி வந்தார். ராவுத்தர் சேணவாருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"வேர்வை அடங்கட்டும். அதுக்கு முன்னாடி தண்ணி காட்டாதே."

அருளாண்டி சேணத்தைக் கழற்றினார். வைக்கோலை முறுக்கி உடம்பைத் தேய்த்துவிட்டு, வேப்பமர நிழலில் கட்டினார். சோற்றில் கை வைத்து இரண்டு வாய் எடுத்திருப்பார். மரத்தடியில் குளம்பு தரையைப் பறிக்கும் சத்தம் கேட்டது.

நூரி கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. மடங்கிப் படுக்கப் போனது.

ராவுத்தர் ஓடி வந்தார். அவர் ஓடி அருளாண்டி பார்த்ததில்லை. வயிற்றில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"சத்தமே இல்ல. காலையில என்ன போட்டே?"

"வழக்கம்போலத்தான், ஐயா. ஊறவச்ச கொள்ளு. கொஞ்சம் தவிடு."

பொய் அவ்வளவு லேசாக வந்தது. அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அப்படியா," என்றார் ராவுத்தர். "நடத்து. படுக்க விடாதே. படுத்தா உருளும். உருண்டா குடல் முறுக்கிக்கும்."

அருளாண்டி தலைக்கயிற்றைப் பிடித்து மரத்தைச் சுற்றி நடத்தினார். ராவுத்தர் லாயத்துக்குள் போய் வந்தார். விளக்கெண்ணெயில் பெருங்காயம் கரைத்து, மூங்கில் குழாயால் நூரியின் வாயில் ஊற்றினார். மைமூன் ஊருக்குள் போய்த் திரும்பினார். கால்நடை டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், வரப் பொழுது சாயும்.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நூரியின் நாசி விரிந்து விரிந்து மூடியது. செவலை மயிர் மறுபடியும் வேர்த்துக் கறுத்தது.

"ஊறவச்ச கொள்ளுதானே?" என்றார் ராவுத்தர்.

"ஆமாங்கய்யா."

அருளாண்டி நடந்துகொண்டே இருந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். சொன்னால் லாயத்தை விட்டுப் போ என்பார். போவதற்கு வேறு இடம் இல்லை. ஒருவேளை கொள்ளு காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வெயில் காரணமாக இருக்கலாம். எண்ணெய் வேலை செய்யலாம். இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம்.

நூரி முனகியது. குதிரை அப்படி முனகும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"மைமூன், வாளியைக் கொண்டா," என்றார் ராவுத்தர். "தண்ணி காட்டிரலாம்."

"இப்பவா?"

"ஊறின தீனின்னு சொல்றான்ல. அப்ப தண்ணி உள்ளே போனா இளகிக் கீழே இறங்கிரும்."

"காஞ்ச தீனியா இருந்தா?" என்று மைமூன் கேட்டார்.

"காஞ்சதா இருந்தா உள்ளே போய் ஊறும். ஒண்ணு மூணாகும். குதிரைக்கு வாந்தி வராது. வயிறு வெடிச்சிரும்." ராவுத்தர் அருளாண்டியைப் பார்க்கவில்லை. "அது காஞ்ச தீனிக்கு. நம்மளுது ஊறினது."

மைமூன் வாளியோடு வந்தார். வழியில் கட்டியிருந்த மிளகு வழக்கம்போல அதற்குள் தலையை விட்டது. உடனே எடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கும் துக்கம் என்று அருளாண்டி நினைத்தார்.

ராவுத்தர் வாளியை வாங்கினார். நூரியின் தலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்தபடி அருளாண்டி. வாளி முகத்துக்கு நேரே உயர்ந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்காத நூரி கழுத்தை நீட்டியது. உதடுகள் துழாவின.

"பிஸ்மில்லா," என்றார் ராவுத்தர். வாளி ஒரு சாண் நெருங்கியது.

அருளாண்டி கயிற்றைப் பிடித்திருந்தார்.

இன்னும் நாலு விரற்கடை. நூரியின் தாடை வாளியின் விளிம்பில் இடித்தது.

"காஞ்ச கொள்ளு!" அருளாண்டி கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். நூரியின் தலை மேலே போனது. "ஐயா, காஞ்ச கொள்ளு! ரெண்டு படி. தண்ணி தெளிச்சு வச்சேன். காட்டாதீங்க ஐயா, காட்டாதீங்க."

ராவுத்தர் வாளியை மைமூனிடம் கொடுத்தார். "உள்ளே கொண்டு போ."

திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைத்தியத்திலும் எதுவும் மாறவில்லை. அதே எண்ணெய், அதே மரம், அதே நடை. இப்போது கயிற்றின் ஒரு பக்கத்தை ராவுத்தரும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நடந்தார்கள். அருளாண்டியின் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் நூரி நின்றது. வாலைத் தூக்கியது. கைப்பிடியளவு லத்தி போட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம்.

"அல்லாவே," என்று மைமூன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை பொறந்த வீட்டுல கூட இவ்வளவு சந்தோஷம் வராதே, சர்க்கஸ்காரரே."

ராவுத்தர் வயிற்றில் காதை வைத்தார். தலையை ஆட்டினார். டாக்டர் வந்தபோது அவருக்குப் பெரிய வேலை ஒன்றும் மிச்சமில்லை.

டாக்டர் போன பிறகு அருளாண்டி ராவுத்தர் முன்னால் போய் நின்றார். கேட்கச் சொன்ன கேள்வியை அவர் கேட்கவில்லை.

"என்னைப் போகச் சொல்லுங்கய்யா."

ராவுத்தர் மடியைப் பிரித்தார். உள்ளங்கையில் நாலைந்து கொள்ளு மணிகள். காய்ந்தவை.

"நூரியோட தீனித் தொட்டி மூலையில கெடந்துச்சு."

"எப்ப எடுத்தீங்க?"

"எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி."

"தெரிஞ்சுமா மறுபடியும் கேட்டீங்க?"

"அவ வயித்துல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் வயித்துல என்ன கெடக்குன்னுதான் தெரியல."

பிறகு அந்த மணிகளை அருளாண்டியின் கையில் போட்டார்.

"போ. நாளைக்குக் கொள்ளு ஊறவை."

இதுதான் கதை. அருளாண்டிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எத்தனை தரம் சொன்னாலும் ஒரு சொல்கூட மாறாது. மிளகு வாளிக்குள் தலையை விட்டு உடனே எடுத்தது உட்பட.

ஒரு மட்டக்குதிரை இருமினால் சோற்றை விட்டு எழுந்து போகிற ராவுத்தர், ஓர் ஆளின் வாயைத் திறப்பதற்காக நூரியின் உயிரை நாலு விரற்கடையில் நிறுத்தியிருப்பாரா? இதுதான் என் சந்தேகம். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து நின்றது நானாக இருந்தால் பேசியிருப்பேனா என்று பயந்துதான் கதையைச் சந்தேகித்தேனோ, அதுவும் தெரியவில்லை.

போன மாதம் அருளாண்டி மறுபடியும் சொல்லி முடித்தபோது கேட்டேவிட்டேன்.

"ஐயா, அந்த வாளிக்குள்ள தண்ணி இருந்ததை நீங்க கண்ணால பாத்தீங்களா?"