மிளகியின் பதினாறு முட்டை

கண்மாய்க் கரையோரத்து வீட்டுக் கொல்லையில் மிளகி என்றொரு கோழி இருந்தது. சிறுவிடைக் கோழி. நிறமும் மிளகு, உருவமும் மிளகு, குணமும் மிளகு. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்புதான். ஆனால் அதன் வீறாப்புக்குக் கொல்லை போதாது.

தை மாதம் மிளகி அடைக்கு உட்கார்ந்தது. வீட்டுக்காரி மரகதம் ஒரு பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பினாள். இடி இடித்தால் முட்டை கெட்டுப் போகுமாம். அதற்குக் காவலாக ஒரு கரித்துண்டையும் துருப்பிடித்த ஆணியையும் ஓரத்தில் செருகினாள். பிறகு மிளகி இட்ட ஒன்பது முட்டைகளை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கரியால் ஒரு கோடு கிழித்தாள். வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டால், கோடில்லாததை எடுத்துவிடலாம் அல்லவா?

"உன் உடம்புக்கு ஒம்போதுதான் தாங்கும். பேசாம உக்காரு" என்றாள்.

'உன் உடம்புக்கு' என்ற சொல் மிளகிக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் பக்கத்துக் கூடையில் பெருவிடைக் கோழி செவலை பதினாலு முட்டையோடு உட்கார்ந்திருந்தது. செவலை அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பேசாமல் இருந்ததுதான் மிளகிக்குப் பொறுக்கவில்லை.

முருங்கை மரத்துக் காகம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லக் கூடையருகே இறங்கியது.

"தங்கச்சி, ஒம்போதுதானா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் பதினாலுன்னாங்க. கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல."

"மரகதம் போட்ட கணக்கு அது. எனக்கு இருபதுகூடத் தாங்கும்."

"அதைத்தானே நானும் மரத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்! மத்த கோழிங்க முட்டையிட வந்தா விரட்டாத. மரகதம் கை வந்தா மட்டும் விடாத."

காகத்தின் கணக்கு வேறு. ஒன்பது முட்டை என்றால் மிளகியின் வயிற்றுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். அதற்கு மேல் போனால் கூடை விளிம்புக்கு வரும். விளிம்புக்கு வந்தது காகத்தின் அலகுக்கு எட்டும்.

மிளகிக்கு இது தோன்றவில்லை. புகழ் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது வேறெதுவும் தோன்றாது. அடுத்த நாளிலிருந்து முட்டையிட வந்த கோழிகளை எல்லாம் "வாங்க, வாங்க" என்று நகர்ந்து உட்கார்ந்து வரவேற்றது. மரகதத்தின் கை வந்தால் நறுக்கென்று கொத்தியது. இரண்டு முறை கொத்து வாங்கிய மரகதம், "எக்கேடும் கெட்டுப் போ" என்று கதிர் அறுக்கப் போய்விட்டாள்.

நாலே நாளில் பதினாறு முட்டை.

"செவலையக்கா, எனக்குப் பதினாறு" என்று கேட்காமலே சொன்னது மிளகி.

"மூடி உக்கார முடியுதா?" என்று கேட்டது செவலை.

"ஏன் முடியாது?"

முடியவில்லை. அப்பளம் போல உடம்பைப் பரப்பிப் பார்த்தது. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம் இரண்டு எட்டிப் பார்த்தன. அந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தப் பக்கம் மூன்று. அடைக்கோழி முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைக்கும். உள்ளே இருந்தது வெளியே வரும், வெளியே இருந்தது உள்ளே போகும். இதனால் மார்கழி மிச்சம் வைத்துவிட்டுப் போன பனி எல்லா முட்டைக்கும் முறை வைத்து வந்தது.

மிளகி தினமும் ஒருமுறை இரை பொறுக்கப் போகும். அந்த நேரத்தில் காகம் 'காவலுக்கு' வரும்.

"அண்ணே, முட்டை குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"பசி மயக்கத்துல எண்ணியிருப்ப தங்கச்சி. நிதானமா எண்ணு."

நிதானமாக எண்ண வேண்டுமென்றால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் சூடு போய்விடும். மிளகி எண்ணவில்லை.

பத்தொன்பதாம் நாள். இரை பொறுக்கிக்கொண்டே மிளகி முருங்கை மரத்தடிக்கு வந்தது. அங்கே நாலு முட்டையின் ஓடுகள் கிடந்தன. ஒரு ஓட்டைக் காலால் புரட்டியது. அதில் கரிக்கோடு இருந்தது.

மிளகி வாயிலிருந்த இரையைக் கீழே போட்டது. கோடு போட்டது அதன் சொந்த முட்டை. ஊரார் முட்டைக்கு இடம் கொடுக்கப் போய், தன் குஞ்சையே விளிம்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. ஓடி வந்து கூடையில் ஏறியது. அழுகையாக வந்தது.

அப்போதுதான் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. 'கிய்.'

மிளகி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முட்டையாகக் காது வைத்துக் கேட்டது. கோடு போட்ட ஐந்து முட்டைகள் பதில் சொல்லின. மிச்சம் ஏழும் ஊமையாக இருந்தன. உருட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. அவற்றில் மூன்றில் கரிக்கோடு இருந்தது.

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் இந்த ஐந்துக்கும் சூடு போதாது. வெளியே தள்ளினால் மானம் போகும். பதினாறு என்று கொல்லை முழுக்கச் சொல்லியாயிற்றே!

"என்ன தங்கச்சி யோசிக்கிற?" காகம் வந்துவிட்டது. "ஒண்ணைக்கூட விட்டுடாத. உன் பேரு என்னாகும்?"

"பேரு குளுந்து போனாப் போகட்டும் அண்ணே" என்றது மிளகி.

முதல் ஊமை முட்டையைக் கூடைக்கு வெளியே தள்ளியது. மற்றக் கோழிகள் மேய்ச்சலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தன. இரண்டாவது, மூன்றாவது என்று வைக்கோல் மேல் உருண்டன. கரிக்கோடு போட்ட மூன்றையும் தள்ளும்போது மட்டும் மிளகி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு ஐந்தையும் வயிற்றுக்கு அடியில் சேர்த்து அணைத்து உட்கார்ந்தது.

காகத்துக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும், பல் மட்டும் இருந்திருந்தால். ஏழு முட்டை, திருடக்கூட வேண்டாம்! இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது.

டப்!

அழுகிய முட்டை வெடித்துத் தலை, கழுத்து, இறக்கை எல்லாம் வழிந்தது. நாற்றம் கண்மாய் மடை வரைக்கும் போனது. முருங்கை மரத்துச் சொந்தக்காரக் காகங்களே, "குளிச்சிட்டு வாப்பா மொதல்ல" என்று விரட்டி விட்டன. மூன்று நாள் குளித்தும் கிளையில் இடம் கிடைக்கவில்லை.

இருபத்தோராம் நாள் ஐந்து குஞ்சுகள் பொரிந்தன. செவலைக்குப் பன்னிரண்டு. மிளகி எட்டிப் பார்த்து எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே ஒருமுறை எண்ணியது.

ஒரு வாரம் கழித்துக் காலையில் திடீரென்று தூறல் போட்டது. மிளகி "கொக் கொக்" என்று கூப்பிட்டபடி சிறகை விரித்தது. எதிர்வீட்டு வேலியிலிருந்து காகம் கேட்டது.

"கடைசியில எத்தனை தங்கச்சி?"

"அஞ்சு அண்ணே."

"அஞ்சுதானா?"

மிளகி குனிந்து பார்த்தது. ஒரு வால்கூட வெளியே நீட்டிக்கொண்டு இல்லை. ஒரு காலும் நனையவில்லை.

"ஆமா, அஞ்சுதான்" என்றது.

அடுத்தவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தன் சிறகுக்கு மிஞ்சிச் சுமப்பவர், தனக்கென்று இருந்ததையும் குளிரில் விட்டுவிடுவார்.