கொம்பையாவின் வாயில் ஒரு கமர்கட்டு

"வாயைத் திறக்க மாட்டேங்காங்க மேடம். ஒருத்தர்கூட!"

நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே கொம்பையா சொல்லிவிட்டார். நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே காலத்தை ஓட்டிய மனிதர். அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

ஓய்வு பெற்றதும் சமூகப்பணி படித்தார். பொழுதைப் போக்குவதற்காக அல்ல. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவை வருஷக்கணக்கில் பார்த்தவர். அந்தக் கஷ்டத்தைச் சொல்லி அழ அன்றைக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களுக்காக ஒரு குழு ஆரம்பித்தார்.

எதிரே சலோமி மேடம். களப்பணிக்கு வழிகாட்டி. கொம்பையாவுக்கு மகள் வயசு. ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"ம்," என்றார் மேடம்.

"புஸ்தகத்துல போட்டபடி வட்டமா நாற்காலி போட்டேன். கூச்சம் போகணுமேன்னு நூல்கண்டைக் கைக்குக் கை தூக்கிப்போட்டுப் பேரு சொல்லச் சொன்னேன். எல்லாம் ஒரே தெரு மேடம்! 'கொழுந்தன்கிட்டயே என் பேரைச் சொல்லணுமாக்கும்'னு சீனியம்மா எந்திரிச்சுப் போகப் பாத்துச்சு."

"ம்."

"நோக்கம், விதிமுறை எல்லாம் விளக்கினேன். மனசுல உள்ளதைச் சொல்லுங்கன்னேன். கப்சிப். அப்புறம் நானே பேசினேன்."

"ம்?"

"பின்னே? மில்லுல சத்தம் நின்னா கோளாறுன்னு அர்த்தம். ஓடிப்போய்ப் பாக்க வேண்டாமா? இந்த வாரமும் இப்படியே போனா குழுவை மூடிருங்கன்னு ஹால் குடுத்த அறக்கட்டளையில சொல்லிட்டாங்க."

மேடம் மேஜை டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். உட்கார்ந்ததும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடிக்கக் கூடாது என்று சாடையிலேயே காட்டினார்.

இது என்ன வைத்தியமோ என்று முனகிக்கொண்டே கொம்பையா கிளம்பினார். ஆனாலும் வரும்போது இருந்த பாரம் பாதி இறங்கியிருந்தது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

குழு கூடியது. "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார். கமர்கட்டை வாயில் போட்டார்.

அவ்வளவுதான். மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

ஒருவரும் பேசவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. கொம்பையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஐயோ, மெஷின் நின்றுபோச்சே! விதிமுறையைச் சொல்ல வாயெடுத்தார். "ம்ம்" என்றுதான் வந்தது.

சீனியம்மா அவரைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா சார்?"

"ம்."

"நேத்து எங்க அத்தைக்கு மூணாவது தடவை சேலை மாத்திவிட்டேன். மாத்தி முடிக்கல, மறுபடியும் நனைச்சுட்டாக. 'செத்துத் தொலையேன்'னுட்டேன்."

அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா என்று கொம்பையாவின் தொண்டை வரைக்கும் வந்தது. பல் விடவில்லை.

அடுத்த நாற்காலியில் கொழுந்தன் வேலாண்டி. அந்த அத்தை பெற்ற மகன். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"நான் தினமும் மனசுக்குள்ள சொல்லுதேன் மதினி," என்றான் அவன். "நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீக."

சீனியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் என்கிற விதிமுறை போன இடம் தெரியவில்லை. ஹாலைப் பூட்ட வந்தவர்கூட உட்கார்ந்து தன் தம்பி கதையைச் சொன்னார். கொம்பையாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மறுநாள் காலையிலேயே மேடம் முன்னால் நின்றார்.

"என்னா மிட்டாய் மேடம்! குழு பிழைச்சிருச்சு!"

"ம்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே அப்பாவிடம் வந்துவிட்டார். அப்பாவுக்குச் சோறு ஊட்டியது, அவர் துப்பியது, துப்பிய சோறோடு கொல்லையில் நின்று அழுதது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத சங்கதி. வெகுநேரம் சொன்னார். சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரத்துக்கும் வேணும்லா," என்று டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

மேடம் பதறிப்போய் டப்பாவை இழுத்துக்கொண்டார். வாயில் இருந்த கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

"எல்லாத்தையும் அள்ளாதீங்க சார். நீங்க வர்ற அன்னைக்கு நான் என்ன செய்ய?"