சும்மா இருந்த பூனை

அந்த மடத்தின் குரு முன்பு டவுன் பஸ் கண்டக்டர். பெயர் அஞ்சலையம்மா. வயது நாற்பத்தாறு. சீடர் ஆதிமூலம் ஓய்வுபெற்ற தாசில்தார். வயது அறுபத்து மூன்று. இந்தக் கணக்கு உதைக்கிறது என்பவர்கள் மடத்துப் பக்கம் வர வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிடுவார்.

தியான மண்டபத்தின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. மடத்தை நிறுவிய பெரியவர் தம் கையால் அதில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: சும்மா இரு. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் உட்காருவார்கள்.

ஒருநாள் தியானம் முடிந்ததும் ஆதிமூலம் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அம்மா, ஒரு வருஷமா உட்கார்றேன். சும்மா இருக்கறது எனக்கு எப்போ கைகூடும்?”

அம்மா ஒரு கூடையை அவர் கையில் கொடுத்தார். உள்ளே கடுக்காய்.

கடுக்காய் மடத்துக் கறுப்புப் பூனை. தயிர்ச் சட்டியைத் திறந்தால் மண்டபம் அதிரக் கத்தும். தொட வந்தவர் கையில் கோடு போடாமல் விடாது. அதன் ஈறு அழுகிப்போயிருந்ததால், அன்று காலைதான் டாக்டர் எட்டுப் பல்லைப் பிடுங்கித் தையல் போட்டிருந்தார்.

“நான் ரெண்டு நாள் ஊர்ல இருக்க மாட்டேன். நீங்க பார்த்துக்குங்க,” என்றார் அம்மா. “வலிக்குச் சொட்டு மருந்து, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மீனை வேகவச்சு முள் எடுத்துக் கூழா பிசைஞ்சு குடுக்கணும். ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல் போயிடுமாம். உசுருக்கே ஆபத்து.”

மூன்றாம் நாள் காலை அவர் திரும்பியபோது மண்டபத்தில் கூட்டம். பலகைக்கு நேர் கீழே, சுவரைப் பார்த்தபடி, கடுக்காய் குறுகி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அதற்கு முன்னால் செம்பருத்திப் பூ. யாரோ புண்ணியவான் ஊதுவத்தியும் கொளுத்தியிருந்தார்.

“பாருங்கம்மா.” ஆதிமூலம் பூனையை நோக்கிக் கைகூப்பினார். “ரெண்டு நாளா ஒரு சத்தம் இல்லை. கை வச்சா கீறலை. எனக்குக் கைகூடாதது இதுக்குக் கைகூடிடுச்சு.”

“மருந்து?”

“முதல் வேளை குடுத்தேன். அப்புறம் எதுக்கு? அதுதான் சும்மா இருக்கே.”

“சாப்பாடு?”

“தயிர்சாதம் வச்சேன், தொடலை. உபவாசம்னு விட்டுட்டேன். சைவ மடத்துல மீன் எப்படிம்மா?”

அம்மா தரையில் உட்கார்ந்து பூனையின் முகத்தைப் பார்த்தார். மோவாயில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. உடம்பெல்லாம் முடி சிலுப்பிக்கொண்டு நின்றது.

“ரெண்டு நாள்ல ஒரு தடவையாவது மூஞ்சி கழுவுச்சா?”

“இல்லை.”

“உடம்பை நக்குச்சா?”

“இல்லைம்மா.”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. குருமார்களுக்குக் கோபமே வராது என்பதெல்லாம் குருவைத் தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்வது.

“ஐயா, இது தவம் இல்லை. வலி.”

“வலிச்சா கத்தாதா?”

“கத்தினா பெரிய மிருகம் எதுவோ வந்து அடிச்சிடும்னு அதுக்குப் பிறவிப் பயம். அதான் வாயை மூடிக்கிட்டுச் சாகப் பார்க்குது.”

அவர் டாக்டருக்குப் போன் போட்டார். விட்ட வேளைகளையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இப்போது ஒரு வேளை அளவு மட்டும் என்றார் டாக்டர். ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரமாக நுழைத்து அம்மா மருந்தை விட்டார். கடுக்காய் கீறவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் கண் கலங்கியது.

பிறகு தெருவுக்குப் போய் மீன் வாங்கி வந்து, மடத்து அடுப்பிலேயே வேகவைத்தார். மண்டபத்தில் பாதிப் பேர் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். பூனையால் கிண்ணம் வரைக்கும் தலையைத் தாழ்த்த முடியவில்லை. அம்மா சுற்றும்முற்றும் பார்த்தார். முக்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். இரண்டு செங்கல்மேல் அதை வைத்தார். அதன்மேல் மீன் கிண்ணத்தை வைத்தார்.

“அம்மா! பெரியவர் எழுதினது!” ஆதிமூலம் அலறினார்.

“தெரியும்.”

“சைவ மடம்மா இது!”

“பூனை எந்த மடத்துலயும் சேரலை.”

“பெரியவர் இருந்தா என்ன சொல்வார்?”

“பெரியவருக்குப் பல்வலி வந்த அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். அவர் போட்ட சத்தத்துல பஸ் ஸ்டாண்டுல இருந்தவங்க ஓடி வந்தாங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. அம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

“எறங்கறவங்க எறங்கலாம்!”

பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கிப் போனார்கள். ஆதிமூலம் போகவில்லை. கடுக்காய் கிண்ணத்தை ஒருமுறை நக்கி நிறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை நக்கியது. சாயங்கால மருந்தை ஆதிமூலமே கொடுத்தார்.

“கும்பிட்டே கொன்னிருப்பேனே,” என்றார் பூனையிடம்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மருந்தும் தவறவில்லை. அம்மா திரும்பி வந்த நாலாம் நாள் காலை, மௌன நேரம். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அடுக்களையில் யாரோ தயிர்ச் சட்டியைத் திறந்தார்கள். கடுக்காய் மண்டபம் அதிரக் கத்தியது. ஆதிமூலம் ஓடிப்போய் அதைத் தூக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடு.

“அம்மா, மௌன நேரத்துல கத்துது. கீறுது.”

“மருந்து வேலை செய்யுது. உட்காருங்க.”

அவர் தம் இடத்துக்கு வந்து காலை மடித்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஒரு வருஷத்தில் அந்த வித்தையில் அவர் தேர்ந்துவிட்டார்.

“ஐயா,” என்றார் அம்மா, எல்லோர் முன்னாலும். “முட்டி எப்படி இருக்கு?”

ஆதிமூலம் திடுக்கிட்டார். முட்டியைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“சும்மாதாம்மா இருக்கு.”

“கடுக்காயும் ரெண்டு நாள் அதைத்தான் சொல்லிச்சு.”

ஆதிமூலம் சுவரைப் பார்த்தார். பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. குருவுக்கு முன்னால் காலை நீட்டக் கூடாது என்பது மடத்தின் வழக்கம். தாசில்தாராக இருந்தவர் வழக்கத்தை மீறுகிற ஆளும் இல்லை. அவர் காலை நீட்டினார். நேராகக் குருவை நோக்கியே நீட்டினார்.

“உசுரு போகுதும்மா!” என்று கத்தினார். “ஒரு வருஷமா போகுது!”

அம்மா எழுந்துபோய், மீன் வாசம் போகாத அந்தப் பலகையை எடுத்து வந்தார். அதன்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அவர் முட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

“இப்போ சும்மா இருங்க,” என்றார்.